சின்னவன் விழுங்காத காசு

தராசம்மா செய்தித்தாளை விரிப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. வாசலில் அடுத்த தெருக் கடிகாரக்காரர் நின்றிருந்தார். ஊர்க் கடிகாரங்களுக்கெல்லாம் புத்தி சொல்பவர், அன்று ஒரு காலில் ஒரு செருப்பும் மறுகாலில் வேறொரு செருப்புமாக வந்திருந்தார்.

"உங்களை விட்டா எனக்கு ஆளில்ல. பேரப்பிள்ளைங்க என்கிட்ட வர்றதே நின்னுடும் போல இருக்கும்மா" என்றார்.

தராசம்மா முப்பது வருடம் கடைத் தராசுகளைச் சோதித்த அதிகாரி. ஓய்வு பெற்ற பிறகும் அவரைக் கண்டால் கடைக்காரர்களின் கட்டைவிரல் தானாகத் தட்டை விட்டு விலகும். அக்கம்பக்கத்துச் சிக்கல்களை அவிழ்ப்பது இப்போதைய வேலை. கூடவே சுற்றுபவர் முன்னாள் பஸ் கண்டக்டர். எல்லோரையும் டிக்கெட் எடுக்காத பயணியாகவே பார்க்கும் பழக்கம் அவரை விட்டபாடில்லை.

"நேத்து பேத்திக்கும் சின்னவனுக்கும் என் காசு சேகரிப்பைக் காட்டினேன். பொண்ணுக்கு ஆறு வயசு, பையனுக்கு மூணு. சின்னவனுக்குப் பெரிய காசு மட்டும்தான் குடுத்தேன். ஓரத்தைப் பிடிக்கணும், வாயில வைக்கக் கூடாது, காசு நூறு கை மாறின அழுக்கு, தொட்டா சோப்பு போட்டுக் கழுவணும்னு எல்லாம் சொன்னேன். அப்புறம் பாழாப்போன தூக்கம்! ஆல்பத்தை மூடாமலே கண்ணசந்துட்டேன். எழுந்து பாத்தா கறுத்த வெள்ளிக்காசைக் காணோம். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும்."

"சின்னவன் முழுங்கிட்டான்!" என்று துள்ளினார் கண்டக்டர்.

"மருமக உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினா. எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல. ஆனா காசு வீட்ல எங்கயோ கிடக்குதே, நாளைக்கு முழுங்க மாட்டானான்னு கேக்குறா. காசுப் பெட்டியே இனி இந்த வீட்ல கூடாதுன்னுட்டா. அவ பயமும் நியாயம்தானே?"

மூவரும் கடிகாரக்காரர் வீட்டுக்குப் போனார்கள். கண்டக்டர் கட்டிலுக்கடியில் தவழ்ந்து, தும்மிக்கொண்டே வெளியே வந்தார். "எனக்கு பிளம்பர் மேலதான் சந்தேகம்."

"அவர் வந்து போய் ஒரு மாசம் ஆச்சு" என்றாள் மருமகள். குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவே அவளுக்கு மனமில்லை. இரவெல்லாம் அழுதிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

தராசம்மா கை கழுவக் குளியலறைக்குப் போனார். பற்பசைக் குழாய் சப்பையாகக் கிடந்தது. வெள்ளைத் துண்டில் மை தேய்த்த மாதிரி கறை.

"பேஸ்ட் தீர்ந்துடுச்சு போல?"

"அதை ஏன் கேக்குறீங்க! முந்தாநாள்தான் வாங்கினேன். துண்டையும் யாரோ பாழாக்கி வச்சிருக்காங்க" என்றாள் மருமகள்.

தராசம்மா கூடத்துக்கு வந்து, "பேத்திக்குன்னு தனியா காசு உண்டா?" என்று கேட்டார்.

"பளபளன்னு இருக்கிற புதுக் காசெல்லாம் அவ டப்பாவுல. மூடி இறுக்கமா இருக்கும், சின்னவனால திறக்க முடியாது" என்றார் கடிகாரக்காரர்.

"நான் அப்பவே பாத்துட்டேன், கறுப்பா ஒண்ணுகூட இல்ல!" என்றார் கண்டக்டர்.

தராசம்மா டப்பாவைத் திறந்து, காசுகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஏழாவது காசில் கை நின்றது. "இதே அளவு மத்த காசைவிட இது நல்ல கனம். இரும்புக் காசு இப்படிக் கனக்காது. இது வெள்ளி."

கடிகாரக்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்தினார். முகம் தேய்ந்த அதே காசுதான். நாற்பது வருடம் நிறத்தை வைத்தே அடையாளம் கண்ட காசு.

"வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கோம்" என்றார் தராசம்மா. "எல்லாரும் கறுப்பைத் தேடினோம். காசு வெளுத்துப் போச்சு. பேஸ்ட் தீர்ந்ததும் அதனாலதான், துண்டுல கறையும் அதனாலதான். தாத்தா அழுக்குன்னு சொன்னார், கழுவணும்னும் சொன்னார். கேட்ட பிள்ளை, இருக்கிறதுலயே அழுக்கான காசை எடுத்து, பேஸ்ட் போட்டுத் தேச்சுக் கழுவியிருக்கு. பளபளன்னு ஆனதும், தாத்தா பிரிச்சு வைக்கிற மாதிரியே புதுக் காசு டப்பாவுல போட்டிருக்கு."

கதவுக்குப் பின்னாலிருந்து விசும்பல் கேட்டது. பேத்தி வெளியே வந்தாள்.

"தாத்தா தூங்கி எழுந்து பாக்கட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள அம்மா தம்பியத் தூக்கிட்டு ஓடினாங்க. என்னாலதான்னு பயந்துட்டேன். காசு கெட்டுப்போச்சா தாத்தா?"

கடிகாரக்காரர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கறுப்பு இனி இந்தப் பிறவியில் திரும்பாது. பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"கெட்டுத்தான் போச்சு, கண்ணு. பழைய காசோட கறுப்பு அழுக்கில்ல, அதோட வயசு. கையைத்தான் கழுவணும், காசைக் கழுவக் கூடாது. அதைச் சொல்லாதது என் தப்பு. ஆல்பத்தைத் திறந்து போட்டுத் தூங்கினது அதைவிடப் பெரிய தப்பு." பேத்தியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஆனா எதுன்னாலும் உடனே வந்து சொல்லிடணும். காசு போனா போகட்டும்."

"இனிமே காசு பாக்கவே கூடாதா?" என்றாள் அவள். எல்லோரும் மருமகளைப் பார்த்தார்கள்.

மருமகள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "சின்னவன் தூங்கினப்புறம் பாருங்க. ஒவ்வொரு காசும் பூட்டுக்குள்ள போனதை நானே பாத்துடணும்" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "அப்படியே எனக்கும் காட்டுங்க மாமா. ஏழு வருஷமா இந்த வீட்ல இருக்கேன். ஒரு நாள்கூட என்னைக் கூப்பிட்டதில்ல."

கடிகாரக்காரர் எழுந்து, தன் நாற்காலியை மருமகள் பக்கம் நகர்த்தினார்.