நான்காவது குறி

பங்களாவின் பின்வாசலில் துரைசாணியின் அழுக்கு மூட்டையை அவிழ்த்ததுமே டோபி வீரய்யாவுக்குக் கை ஓடவில்லை. கவுன்களுக்கு நடுவே மூன்று ஆண் சட்டைகள். ஐந்து வருஷமாக ஆம்பளை வாடையே இல்லாத பங்களா அது. ஒரு காலரைத் தொட்டுப் பார்த்தார். வியர்வை ஈரம் இன்னும் சூடாக இருந்தது.

உள்மடிப்பில், எத்தனை துவைத்தாலும் போகாதபடி அவரே வைத்த சேங்கொட்டைச் சாற்றுக் குறி. ஒன்றில் ஒரு புள்ளி, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று. துரைசாணி கட்டிய மூன்று புருஷன்மாருக்கும் அவர் போட்ட கணக்கு. அவள் ஸ்காட்லாந்தில் பிரபு வீட்டுப் பெண். முதல் புருஷன் அங்கே ஒரு கோட்டைக்குச் சொந்தக்காரன். அவளை விட்டுப் போகிறேன் என்று வண்டி பூட்டச் சொன்ன அன்றே செத்தானாம். அவன் இந்த இலங்கை மலைக்கு வந்ததேயில்லை, அவன் சட்டைகள் மட்டும் அவள் பெட்டியில் வந்தன. அடுத்துக் கட்டிய தோட்டத்துத் துரை, சீமைக்குத் திரும்ப டிக்கெட் எடுத்த வாரம் செத்துப்போனார். மூன்றாவது ஒரு கேப்டன். அவரும் பெட்டி கட்டி வைத்ததோடு சரி. நல்ல கைராசி என்று தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் கேலி பேசுவார்கள்.

வீரய்யாவுக்கு எல்லாமே அலுத்துப்போயிருந்தது. இருபத்தைந்து வருஷம் கல்லில் துணியோடு தன்னையும் சேர்த்து அடித்தாயிற்று. வியாழக்கிழமை தலைமன்னாரில் கப்பல் ஏறினால், மனைவியோடு ஊரில் போய் உட்கார்ந்துவிடலாம். அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருந்தார்.

மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கிக் கண்ணாடிகளை மறைத்தது. உள்ளே பலகைத் தரையில் யாரோ சப்பாத்தோடு மெல்ல நடக்கும் சத்தமும், இன்னொருவர் இருமலை அடக்கும் சத்தமும், சுருட்டு வாடையோடு சவரச் சோப்பு மணமும் பின்வாசல் வரை வந்தன. துரைசாணி கதவருகே நின்றாள்.

"ஊருக்குப் போறேங்கம்மா. வியாழக்கெழம கப்பலு."

"எல்லாரும் போறேன்னுதான் சொன்னாங்க." அவள் குரலில் கோபமில்லை, அசதிதான் இருந்தது. "எனக்குக் களைப்பா இருக்கு வீரய்யா. புதுசா ஆள் தேட முடியாது. குறி போட்டது எங்க போனாலும் வீட்டுக்கு வந்துரும்னு நீதானே சொன்ன?"

என்றோ பெருமைக்குச் சொன்னதுதான்.

"அது துணிக்குங்கம்மா."

அவர் மூட்டையைத் தூக்கக் குனிந்தபோது அவள் விரல் பிடரியில் பட்டது. ஐஸ் மாதிரி இருந்தது.

தேயிலைக்கு நடுவே குறுக்குப்பாதையில் விறுவிறுவென்று இறங்கினார். பத்தடி போனதும் தலைமேலிருந்த மூட்டை லேசானது. பின்னால் ஒரு காலடி. இன்னும் லேசானது. இரண்டு பேர். மறுபடி. மூன்று பேர். நின்றார். அவையும் நின்றன. திரும்பவில்லை. பிடரி எரிந்தது. சேங்கொட்டை பட்டால் எரியுமே, அப்படி.

ஓட்டமும் நடையுமாக லயத்துக்கு வந்து விழுந்தார். மனைவி சண்முகவடிவு டிரங்குப் பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"பிடரியில என்னங்க, மையா?"

ஈரத்துணியால் துடைத்தாள். சவுக்காரம் போட்டுத் தேய்த்தாள்.

"போகவே மாட்டேங்குது."

கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தார். கேட்டுவிட்டார்.

"எத்தன புள்ளி?"

"நாலு."

திறந்த கதவுக்கு வெளியே, பனியில், மூன்று வெள்ளைச் சட்டைகள் வரிசையாக நின்றன. கடைசியில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தது.