வெள்ளையடிப்பு

அருப்புக்கோட்டை அணி அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்திலும் தோற்றது. மூன்று நிமிடம் மீதமிருக்கும்போது ஒன்பது புள்ளி முன்னிலையில் இருந்தார்கள். அதன்பிறகு எட்டு முறை கூடையை நோக்கி எறிந்தார்கள். ஒன்றுகூட உள்ளே விழவில்லை.

பயிற்சியாளர் மதிவதனி திரையை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். திரைக்குள் அணித் தலைவர் சோலைராஜ், மற்ற பதினோரு பேரையும் முதுகில் தட்டிக் களத்தைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். எல்லோரையும் அனுப்பிவிட்டுத் தானும் போனார். ஆட்டம் தோற்ற ஒவ்வொரு நாளும் அவர் அப்படித்தான் செய்தார். பட்டியலில் அருப்புக்கோட்டைக்குப் பதினாறாவது இடம். மொத்தமே பதினாறு அணிகள். தொடர்ந்து மூன்று பருவம் கடைசியில் நிற்கும் அணியைக் கலைத்துவிடுவார்கள். இது இரண்டாவது பருவம்.

கலைப்பது என்றால் வீரர்களை வீட்டுக்கு அனுப்புவது அல்ல. அவர்களுக்கு வீடு கிடையாது; அழித்துவிடுவார்கள். வெயில் தாங்காமல் மைதானங்களை மூடிய காலத்தில், முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஊர் ஊராகப் போய் நல்ல ஆட்டக்காரர்களின் உடலையும் நினைவையும் பதிவு செய்து இயந்திரத்துக்குள் ஆடும் நிழலர்களை உருவாக்கினார்கள். நிழலரின் உடல், பதிவு நடந்த வயதிலேயே நின்றுவிடும். நினைவு மட்டும் ஆட்டத்துக்கு ஆட்டம் படிந்துகொண்டே போகும். போன வருடம் தன்னைத் தள்ளிவிட்டவனை நிழலர் இந்த வருடம் மறக்க மாட்டார். அதற்காகவே ஜனங்கள் இந்தக் கூடைப்பந்து லீகைப் பார்த்தார்கள்.

அந்த நினைவுதான் தன் அணியைக் கொல்கிறது என்பதை மதிவதனி அடுத்த ஒரு வாரத்தில் கண்டுபிடித்தாள். பயிற்சியில் பத்துக்கு எட்டு பந்தைக் கூடையில் போடுகிறவர்கள், ஆட்டம் நெருக்கமாகும்போது பத்துக்கு மூன்றுதான் போட்டார்கள். உடலில் குறையில்லை. எப்படியும் தோற்கத்தான் போகிறோம் என்று கைக்குத் தெரிந்திருந்தது.

விதிப்புத்தகத்தில் யாரும் பயன்படுத்தாத ஒரு வழி இருந்தது. எந்த அணியும் தன் நிழலர்கள் எல்லோரையும் ஒருசேரப் பதிவு நாளின் நிலைக்குத் திருப்பிக்கொள்ளலாம். முப்பத்திரண்டு ஆண்டு அனுபவத்தை யார் தூக்கிப் போடுவார்கள்? அதனால் யாரும் அதைத் தொட்டதில்லை. தோல்விகளை மட்டும் எடுக்க முடியுமா என்று இயந்திரக் கூடத்தில் விசாரித்தாள். முடியாது என்றார்கள். பாலில் கலந்த தண்ணீரைப் பிரிக்கச் சொல்கிறீர்கள் என்றார்கள்.

மதிவதனி தயங்கியதற்குக் காரணம் செவ்வாய்க்கிழமைகள்.

நிஜமான சோலைராஜுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. நான்கு வருடங்களுக்கு முன் மறதி நோய் என்று மருத்துவர் சொன்னதும் அவர் செய்த முதல் காரியம், மனைவி சுகன்யாவைக் கூட்டிக்கொண்டு, நிழலர்களைச் சந்திக்கும் காண்அறைக்கு வந்ததுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருபத்தாறு வயதில் அவரே நின்றார்.

"எனக்கு எல்லாம் போகப்போகுதாம். நான் சொல்லச் சொல்ல நீ வச்சுக்க. அப்புறம் கேட்கிறப்ப திருப்பிக் குடு" என்றார் அவர்.

"சொல்லுங்கண்ணே" என்றார் நிழலர்.

அதன்பிறகு செவ்வாய்தோறும் தவறாமல் வந்தார். பதிவுக்குப் பின்னால் தான் வாழ்ந்த முப்பது வருடத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித் தீர்த்தார். இரண்டாம் வருட முடிவில் சொல்வதற்கு அவரிடம் எதுவும் மிஞ்சவில்லை. அப்போதிருந்து நிழலர் சொல்ல, அவர் கேட்டார். தன் கதையைக் கேட்கும் அந்த ஒரு மணி நேரம் அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். அதைப் பார்ப்பதற்காகவே சுகன்யா இரண்டு பேருந்து மாறி அவரைக் கூட்டிவந்தாள். சந்திப்பின்போது பயிற்சியாளர் கூடவே இருக்க வேண்டும் என்பது விதி. மதிவதனி மூலையில் உட்கார்ந்து ஆட்டக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளியன்று சோலைராஜின் நிழலரிடமே அவள் பேசினாள்.

"அழிச்சா ஜெயிப்போமா?" என்று கேட்டார் அவர்.

"தெரியாது. அழிக்கலைன்னா நிச்சயம் தோப்போம். அதுக்கப்புறம் பன்னிரண்டு பேரும் இருக்க மாட்டீங்க."

அவர் பந்தைத் தரையில் மெல்லத் தட்டிக்கொண்டே நின்றார். "எனக்கு எது போச்சுன்னு எனக்கே தெரியாது. அதனால எனக்குக் கஷ்டமில்ல. ஆனா அது என்னோடது இல்லையே மேடம். அந்தண்ணன் குடுத்து வச்சது."

"என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க."

"பசங்க பதினோரு பேர் இருக்காங்க." பந்தைக் கையில் பிடித்து நிறுத்தினார். "செய்ங்க. சுகன்யாகிட்ட மட்டும் முன்னாடியே சொல்லிருங்க. எழுதி வச்சுக்கணும்னா வந்து எழுதிக்கட்டும். நான் ராத்திரி பகலா சொல்றேன்."

சனிக்கிழமை மதிவதனி போனை எடுத்துச் சுகன்யாவின் எண்ணைத் தொட்டாள். மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டாள். சொன்னால் அந்த அம்மாள் அழுவாள், வேண்டாம் என்று கெஞ்சுவாள், தன் மனம் மாறிவிடும். ஞாயிறும் அப்படியே போயிற்று. திங்கட்கிழமை மதியம் அவள் விண்ணப்பத்தை அனுப்பினாள். நான்கே நிமிடத்தில் வேலை முடிந்தது.

மறுநாள் சுகன்யா கணவரைக் கைபிடித்து அழைத்துவந்து வழக்கமான நாற்காலியில் உட்கார வைத்தாள். கண்ணாடிக்குப் பின்னால் நிழலர் துள்ளலோடு வந்து நின்றார்.

"வணக்கம்மா. யாரைப் பார்க்கணும்?"

சுகன்யா மதிவதனியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தாள். "நான்தான்… சுகன்யா."

நிழலர் சிரித்தார். "எங்க வீட்டுக்காரி பேரும் அதுதாம்மா. கல்யாணமாகி நாலு மாசம்தான் ஆகுது. காலையில இங்க கொண்டுவந்து விட்டுட்டுப் போனா, இன்னும் காணோம். வெளிய நின்னா கொஞ்சம் வரச் சொல்றீங்களா?" பிறகு நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து, "ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.

சுகன்யா அழவில்லை. கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அவரை எழுப்பினாள். வாசல்வரை போய் நின்று கேட்டாள்: "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம். நான் என்ன தடுத்துட்டா இருக்கப்போறேன்?"

அன்று முழுக்க நிழலர் தன் மனைவி எப்போது வருவாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆட்டக்காரரின் மனம் கலையக்கூடாது என்று நிர்வாகம் காண்அறைச் சந்திப்புகளை நிறுத்திவிட்டது.

புதிய பருவத்தில் அருப்புக்கோட்டை இருபத்துநான்கு ஆட்டங்களில் பத்தொன்பதை வென்றது. கடைசி நொடியில் நடுக்களத்திலிருந்து சிரித்துக்கொண்டே பந்தை எறிந்தார்கள். தோல்வி என்றால் என்ன என்று தெரியாத பன்னிரண்டு பேர். பட்டியலில் மூன்றாம் இடம். ஊரில் வெடி போட்டார்கள். மதிவதனிக்கு மாலை போட்டுக் கூட்டிப் போனார்கள். அவள் செய்த காரியத்துக்கு யாரோ ஒரு பத்திரிகைக்காரர் 'வெள்ளையடிப்பு' என்று பெயர் வைத்தார். பழைய சுவரில் சுண்ணாம்பு பூசுகிற மாதிரி என்று விளக்கம் வேறு எழுதினார்.

அடுத்த பருவம் தொடங்கும் முன் மற்ற பதினைந்து அணிகளும் வெள்ளையடித்துக்கொண்டன.

இப்போது யாருக்கும் பயம் இல்லை. எல்லோரும் நடுக்களத்திலிருந்து எறிந்தார்கள். ஆனால் பட்டியலில் பதினாறாவது இடம் இருக்கத்தான் செய்தது. யாராவது ஒருவர் அங்கே நின்றாக வேண்டும். அருப்புக்கோட்டை பதினான்காவதாக வந்தது. தோல்விகள் மறுபடி படியத் தொடங்கின. அந்தப் பருவம் முடிந்ததும் திரும்பவும் வெள்ளையடித்தார்கள். பிறகு அது ஆண்டுதோறும் நடக்கிற வேலையாயிற்று. ஒவ்வொரு வருடமும் முதல் நாள் காலையில் நிழலர் சோலைராஜ் மனைவியைத் தேடினார். வேலை முடிந்ததும் வருவாள் என்று மதிவதனி ஒவ்வொரு வருடமும் பொய் சொன்னாள்.

வீரர்கள் மறந்துவிட்ட தோல்வியெல்லாம் அவளிடம் சேர்ந்தது. எந்த ஆட்டத்தில் எத்தனை புள்ளியில் போனது, யார் கையிலிருந்து நழுவியது, எல்லாம் அவளுக்குத் தெரியும். நெருக்கமான நேரத்தில் இப்போது அவள் கைக்குத்தான் தோல்வி தெரிந்திருந்தது. மாற்று ஆட்டக்காரரை இறக்கத் தயங்கினாள். இடைவேளை கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விட்டாள். நான்காம் வருடம் அருப்புக்கோட்டை மீண்டும் கடைசிக்கு வந்தது.

நிர்வாகத்தின் சுற்றறிக்கை அந்த மாதமே வந்தது. 'முந்தைய தோல்விகளை நினைவில் வைத்திருக்கும் பயிற்சியாளர்கள் இக்கட்டான நேரங்களில் தயங்குவது ஆட்டப் பதிவுகளில் தெளிவாகத் தெரிகிறது. மனிதர்களைப் பதிவு நாளுக்குத் திருப்பும் வசதி இல்லாததால், இனி எந்தப் பயிற்சியாளரும் ஒரு பருவத்துக்கு மேல் நீடிக்க இயலாது.' அதன் கீழே, வெள்ளையடிப்பை அறிமுகப்படுத்தியதற்காக அவளுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

மதிவதனி தன் சாமான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டுக்குப் போகாமல் சுகன்யாவின் முகவரியைத் தேடிப் போனாள். பந்தல்குடி சாலையில் ஒரு மாடி வீடு. சுகன்யா கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

"என்னையும் அனுப்பிட்டாங்கம்மா" என்றாள் மதிவதனி. "மன்னிப்புக் கேட்க வந்தேன்."

"கேட்டு?"

மதிவதனி பையைத் தரையில் வைத்தாள்.

"நாலு வருஷம் மூலையில உட்கார்ந்திருந்தீங்களே" என்றாள் சுகன்யா. "எனக்குத் தெரிஞ்சதை நான் அவர்கிட்ட சொல்லிப் பார்த்துட்டேன். அவர் உள்ளுக்குள்ள என்ன நினைச்சாருன்னு எனக்கெப்படித் தெரியும்? என்கிட்ட சொல்லாததையும் அந்தத் தம்பிகிட்ட சொல்லியிருப்பார். பாதி நாள் நான் வெளிய போய் உட்கார்ந்துக்குவேன். உங்க காதுல ஏதாச்சும் விழுந்திருக்குமில்ல?"

சுகன்யா வழிவிட்டாள். உள்ளே சோலைராஜ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மதிவதனி அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். எந்தத் தோல்வியும் அவளுக்கு மறக்கவில்லை. காண்அறையில் காதில் விழுந்த கதைகளைத் தேடினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்தது. ஒரு பேருந்துப் பயணம், யாருடைய பெயரோ, எங்கோ பெய்த மழை. கடைசியில் ஒன்று முழுதாகக் கிடைத்தது.

"பொண்ணு கல்யாணத்தன்னைக்கு" என்று ஆரம்பித்தாள். "தாலி கட்டி முடிஞ்சதும் அப்பாவைக் காணோம். மண்டபம் பூரா தேடுறாங்க. அவர் சமையல்கட்டுல, வெங்காயம் உரிக்கிற பொம்பளைங்க நடுவுல உட்கார்ந்து, தானும் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாராம். அங்க கண்ணுல தண்ணி வந்தா யாரும் ஏன்னு கேட்க மாட்டாங்கல்ல, அதுக்காக."

சுகன்யா கதவைப் பிடித்துக்கொண்டாள். "வேலையப் பார்க்கப் போனேன்னுதான் என்கிட்ட சொன்னார்" என்றாள்.

சோலைராஜ் முன்னால் சாய்ந்து கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இரக்கம் தெரிந்தது.

"பாவம்" என்றார். "அப்புறம் அந்த ஆளு என்ன ஆனார்?"