எலி ஓடாத கணினி

நூலகத்தின் சிறுவர் பகுதியில் ஒரு கிழட்டுக் கணினி இருந்தது. அதற்காக ஒரு விளையாட்டு எழுதித் தரும்படி ஓர் அக்காவிடமும் அவள் தம்பியிடமும் நூலகர் கேட்டிருந்தார்.

வீட்டில் எல்லோரும் ‘வாலு’ என்று கூப்பிடும் தம்பி அதைப் பழைய பேசிக் என்ற கணினி மொழியில் எழுதினான். எழுத்துகளாலேயே ஒரு எலி. அது திரையில் குடுகுடுவென்று ஓடும், பிடிக்க வேண்டும்.

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"இதென்னடா, வரிக்கு வரி நம்பர்! பஸ் சீட்டுக்குப் போடுற மாதிரி!"

"அந்தக் கம்ப்யூட்டருக்கு அப்படித்தான் புரியும், அக்கா."

"ரெண்டும் பேசிக்தானே?"

"பேசிக்தான். ஆனா அது பேசுற பேச்சு வேற."

அக்கா கேட்கவில்லை. வீட்டுக் கணினியில் இருந்த புது பேசிக்கில் வண்ண வண்ணமாய் ஒரு விளையாட்டை எழுதினாள். நூலகர் தந்த வட்டில் தம்பியின் எலி ஏற்கெனவே இருந்ததால் இடம் போதவில்லை. எலியை அழித்துவிட்டுத் தன்னுடையதை ஏற்றினாள். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் நூலகத்தில் குட்டிப் பிள்ளைகள் கணினியைச் சுற்றி ஈ மொய்ப்பதுபோல் மொய்த்தார்கள். அக்கா வட்டைச் செருகி விசையைத் தட்டினாள்.

‘பிழை’ என்றது கணினி. மறுபடி தட்டினாள். மறுபடியும் ‘பிழை’.

"அக்காவையே திட்டுது!" என்று ஒரு பொடியன் சிரித்தான்.

அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. "வாலு, உன் எலியைப் போட்டுடலாமா? இன்னொரு பிரதி வச்சிருக்கியா?"

"எலி வட்டுலயே இருக்குமே?"

அவள் தலை குனிந்தாள். "அழிச்சுட்டேன்டா. தப்புப் பண்ணிட்டேன்."

தம்பி அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவன் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

அக்கா பிள்ளைகளிடம் திரும்பினாள். "நல்ல விளையாட்டு ஒண்ணு இருந்துச்சு. என் தம்பி எழுதினது. நான்தான் கெடுத்துட்டேன். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

பிறகு நாற்காலியில் அமர்ந்து, வரிக்கு வரி பத்து, இருபது என்று எண் போட்டு, தட்டித் தடவி எழுதத் தொடங்கினாள். எலி எங்கே வரும், எப்படித் திரும்பும்? பாதி நினைவில் இல்லை. அவன் காட்டியபோது ஒழுங்காகப் பார்த்திருந்தால்தானே!

பத்து வரி தாண்டியிருக்காது. பின்னாலிருந்து ஒரு குரல்.

"முப்பதுக்கு அப்புறம் நாப்பது. நீ அம்பதுக்குத் தாவிட்ட."

"தாவினா ஓடாதா?"

"ஓடும். ஆனா எலி திரும்ப நடுவுல ஒரு வரி வேணும். நகரு."

சாயங்காலம் எலி ஓடியது. பழைய எலி அளவுக்கு இல்லை. மூலையில் திரும்பும்போது திணறியது. பழைய எலி எப்படித் திரும்பியது என்பது தம்பிக்கே மறந்துவிட்டது. பிள்ளைகளுக்கு அது தெரியாது. போட்டி போட்டுப் பிடித்தார்கள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவன் இரண்டடி முன்னாலேயே நடந்தான். பெரிய சாலையைக் கடக்கும் இடத்தில் மட்டும் அவள் விரலைப் பிடித்துக்கொண்டான்.

கடந்த பிறகும் விடவில்லை.