குழலின் மறுமுனை

ஒரு குண்டுகூடச் சுடாத புதுத் துப்பாக்கிக் குழலிலிருந்து முதல் துணித்துண்டு கறுப்பாக வந்தது. டாக்டர் அதை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். தொழிற்சாலையில் பூசிய பழைய எண்ணெயாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தட்டில் போட்டார்.

டாக்டர் என்பது துப்பாக்கி சுடும் கிளப்பில் வைத்த பட்டப்பெயர். இருபத்திரண்டு வருடமாகத் துப்பாக்கிகளின் தொண்டையைப் பார்த்துக் கழுவிவிடுவதுதான் அவர் வேலை. கூட இருந்தவர் கம்பவுண்டர். எட்டு வயது மூத்தவன் கம்பவுண்டர், நேற்று வந்தவன் டாக்டரா, என்ன நியாயம் இது என்று அவர் சலிக்காமல் கேட்பார். இப்போது கேட்க ஆளில்லை. எட்டு மாதமாக அவர் நாற்காலி சும்மா கிடக்கிறது. அதை வெளியே போடவும் மனம் வரவில்லை, அதில் உட்காரவும் மனம் வரவில்லை.

மதியம் செயலாளர் இந்தத் துப்பாக்கியை நீட்டியபோதே டாக்டருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அதே கட்டை, அதே போல்ட். வெடித்துப்போன குழலுக்குப் பதிலாகப் புதுசு மாட்டியிருந்தார்கள்.

"இத வேற யார்கிட்டயாவது குடுக்கக் கூடாதா சார்?"

"வேற யாரு இருக்கா டாக்டர்? நாளைக்குப் போட்டி. பாத்துட்டு கையெழுத்துப் போட்டு வைங்க."

விடுமுறை நாள். செயலாளர் கேட்டைச் சாத்திக்கொண்டு போனபின் கட்டடத்தில் வேறு யாரும் இல்லை.

குழலின் பின்பக்கத்தை அடைத்துக் குண்டைச் சுடவைக்கும் போல்ட்டை டாக்டர் கழற்றி மேசையில் வைத்தார். துப்பாக்கியை மேசையோரத்து இரும்பு இடுக்கியான வைஸில் இறுக்கினார். புதுக் குழலின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருக்கும். துணியில் தேய்ப்புப் பசையைத் தடவி, கம்பி நுனியில் சுற்றி, பின்பக்கமிருந்து குண்டு வெளியேறும் வாய்வரை தள்ளித் தள்ளி இழுத்தால் அது மழுங்கும். பசை நறநறவென்று அரைபட, கறை கரைக்கும் சால்வென்ட்டின் அம்மோனியா நெடி மூக்கைப் பிய்க்க, அவர் கை பழக்கத்தில் போய்ப் போய் வந்தது. நெடிக்கு நடுவே வேறொரு வாசனை. இருமல் மிட்டாய். கம்பவுண்டர் நாள் முழுக்கச் சப்புவது.

அடுத்த துணி நீலமாக வந்தது. செம்புக் குண்டு உரசிய குழலில்தான் அந்த நீலம் வரும். கம்பி நுனியும் பித்தளைதானே, அதுவும் நீலம் கொடுக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

டிக், டிக்.

குழாய் சொட்டுகிறது போலும். எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தார். குழாயடி காய்ந்து கிடந்தது.

டாக்டருக்கு அந்தச் சத்தம் தெரியும். குழலைச் சுத்தம் செய்து முடித்ததும் அவர் வாய்ப்பக்கம் கண்ணை வைப்பார். கம்பவுண்டர் பின்பக்கம் கட்டைவிரல் நகத்தை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தை உள்ளே திருப்பிவிடுவார். வைஸில் நசுங்கி நடுவே பிளந்து வளர்ந்த நகம். அதால் இரும்பில் இரண்டு தட்டுத் தட்டுவார்.

"வெளிச்சம் வருதா தம்பி?"

"வருது அண்ணே."

அன்றைக்கும் அப்படித்தான் கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. டாக்டர் முதுகைக் காட்டிக்கொண்டு சட்டை மாட்டியபடியே வருது என்று சொல்லிவிட்டார். பார்க்கவில்லை. குழலின் நடுவில் ஈரத்துணி உருண்டு அடைத்திருந்தது. அடுத்த நிமிடம் சோதனைக்குச் சுட்டது கம்பவுண்டர்.

விசாரணையில் இறந்தவரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். "அவரு கவனமில்லாத ஆளா? நீங்களே சொல்லுங்க" என்று கம்பவுண்டரின் மனைவி, அண்ணி, வந்து கேட்டபோது டாக்டர் தரையைப் பார்த்தார். டாக்டரை வாங்க, சாப்பிடுங்க என்று கூப்பிட உலகத்தில் இருந்தது அந்த ஒரு வீடுதான். அதற்குப் பிறகு அங்கேயும் போகவில்லை. பேசாமலே கழியும் நாட்கள் அவருக்கு அதிகமாகிவிட்டன.

கடைசித் துணியை உள்ளே தள்ளினார். ஒன்றுதான் தள்ளினார். வாய்வழியாக இரண்டு விழுந்தன.

இரண்டாவது கருகி, உருண்டு, விறைத்திருந்தது. பிரித்தார். கட்டம் போட்ட துணி. டாக்டரின் பழைய சட்டையில் வெட்டியது, அன்றைக்குக் குழலை அடைத்தது. அந்தச் சட்டையில் மிச்சமிருந்ததை எட்டு மாதம் முன்பே எரித்துவிட்டிருந்தார்.

ஓடிவிடலாம். ஆனால் குழலைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது இன்னொரு முறையா? மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தார். கண்ணைக் குழலின் வாயில் வைத்தார்.

வெளிச்சம் வந்தது. வட்டமாக, சுத்தமாக. உட்சுவரில் வெட்டிய வரிப்பள்ளங்கள் சுழன்று சுழன்று மறுமுனைக்குப் போயின. டாக்டருக்கு மூச்சு வந்தது.

மறுமுனையில் ஏதோ அசைந்தது.

நகம். நடுவே பிளந்த நகம்.

அவருடைய இரண்டு கையும் மேசையில்தான் இருந்தன.

டிக், டிக்.

பதிலுக்குக் காத்திருந்தது.

"அண்ணே." டாக்டர் குழலுக்குள்ளேயே சொன்னார். "அன்னைக்கு நான் பாக்கல அண்ணே. பாக்காமலே சொல்லிட்டேன்."

நகம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மெல்ல விலகியது. மறுபடி வெளிச்சம். கண்ணை எடுக்க நினைத்தார். முடியவில்லை. பின்கழுத்தை யாரும் பிடித்திருக்கவில்லை. ஆனாலும் முடியவில்லை.

மேசையில் இரும்பு உரசி நகரும் சத்தம்.

போல்ட்.

குழலின் பின்பக்கம் அது நுழைந்தது. நிதானமாக. கடைசிவரை போய்ப் பூட்டிக்கொண்டது.

வெளிச்சம் போயிற்று. டாக்டரின் கண் இன்னும் குழலின் வாயில் இருந்தது.