எல்லாமே தப்பு!

சோபாவில் கிடந்த அம்மாளுக்கு மூச்சில்லை.

கழுத்தை அவருடைய சால்வையே இறுக்கியிருந்தது.

எதிர் நாற்காலியில் அவர் கணவர். வக்கீல். மறதி நோயாளி. சாவகாசமாக நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா இது? தூங்கறாங்களா?"

கேள்வி, வாசலருகே நின்ற கல்லூரி மாணவிக்கு. பட்டப்படிப்பு இரண்டாம் வருஷம். மூளை நோய் ஆய்வுக்கூடத்தில் விடுமுறைப் பயிற்சிக்கு இடம் கிடைத்து, வாரா வாரம் இந்த வீட்டுக்கு வந்து வக்கீலின் ஞாபகசக்தியைச் சோதிப்பவள். இறந்தவர் அவளுக்கு வைத்த செல்லப் பெயர், குட்டி டாக்டர்.

குட்டி டாக்டருக்கு அழுகை வரவில்லை. மனசு மரத்துப் போயிருந்தது. போலீஸுக்கு போன் செய்தவளே அவள்தான். அதுவே வினையாகிவிட்டது!

"வீட்ல இருந்தது நீங்க ரெண்டே பேர்," என்றார் இன்ஸ்பெக்டர். "இவருக்கோ பொண்டாட்டியையே அடையாளம் தெரியல. அப்போ மிச்சம்... நீதான்!"

"நான் வந்தப்பவே இப்படித்தான் கிடந்தாங்க சார்."

"யார் சாட்சி?"

"இவர்தான்."

"பிரமாதமான சாட்சி! ஸ்டேஷனுக்குக் கிளம்பு."

ஸ்டேஷன் என்றால் ஆய்வு போச்சு... படிப்பு போச்சு... ஜெயில்! பயப்பட வேண்டும். பயம்கூட வர மறுத்தது.

"இன்னிக்கு சோதனை பாக்கி இருக்கு சார். முடிச்சிட்டு வரேன்."

"பொணத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டா?"

"அதுக்குத்தான் வந்தேன்."

இன்ஸ்பெக்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

பையிலிருந்து படங்களை எடுத்தாள். ஒவ்வொன்றாகக் காட்டி மூடினாள். பிறகு ஜோடி ஜோடியாக நீட்டினாள். ஒன்று அவர் பார்த்த படம். இன்னொன்று புதுசு.

"எதைப் பார்த்தீங்க அங்கிள்?"

"ஞாபகம் இல்லையேம்மா..."

"குத்துமதிப்பா காட்டுங்க."

காட்டினார். கடைசி ஜோடி வரை காட்டினார்.

அவள் படங்களை அடுக்கினாள்.

"எல்லாமே தப்பு."

"அடப் பாவமே! மனுஷன் சுத்தமா மறந்துட்டாரே!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்ல சார். நிஜமா மறந்தவங்க குருட்டாம்போக்குல காட்டுவாங்க. பாதிக்குப் பாதி சரியா விழும். எல்லாமே தப்பா காட்டணும்னா..." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "சரியானது எதுன்னு தெரிஞ்சிருக்கணும்."

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது.

"அட! இவர் மேல இருக்கற மோசடி கேஸ்ல கோர்ட்டுக்கு வராம தப்பிச்சதே இந்த மறதியாலதானே?"

"நடிப்புன்னு ஆன்ட்டி கண்டுபிடிச்சிட்டாங்க போல. 'வா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்'னு காலைல போன் பண்ணினாங்க."

வக்கீல் துள்ளி எழுந்தார்!

"அபாண்டம்! எப்படி எல்லாமே தப்பாகும்? குடையைச் சரியாத்தானே காட்டினேன்!"

அவள் அடுக்கிலிருந்து குடைப் படத்தை உருவிக் காட்டினாள்.

"ஆமா அங்கிள்," என்றாள் குட்டி டாக்டர். "குடை சரிதான். நான்தான் பொய் சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"பொண்டாட்டி முகம் மறந்துபோச்சு, குடை மட்டும் ஞாபகம் இருக்கா? வாங்க வக்கீல் சார்... எங்க லாக்கப் கூரை ஒழுகும். மறக்காம அந்தக் குடையையும் எடுத்துக்கங்க!"