முழுசா அடைக்கும்

குளியலறைத் தரையின் மூலையில் தண்ணீர் இறங்கும் சின்னச் சல்லடை மூடியை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் மூன்று.

பல் தேய்த்துக்கொண்டிருந்த வெங்கிடேஷ் அப்படியே நின்றான். வெளியே இடவப்பாதிப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. கடல் ஏறும் நேரத்தில் மட்டாஞ்சேரி ஓடைகளில் வெளியேற வேண்டிய தண்ணீர் திரும்பி வரும், குழாய்களில் காற்று முட்டும், அழுகலும் சுக்கு மண்டி வாசனையும் கலந்த ஒரு நெடி வீட்டுக்குள் ஏறும். அது அவனுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆள் இறக்கி ஓடை சுத்தம் செய்வதை மேற்பார்ப்பதே அவன் பிழைப்பு. ஆனால் அவன் குடியிருந்தது நாலாவது மாடியில்.

"மதுவந்தி, இங்க வா. இது கேக்கறதா?"

மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்து காது கொடுத்தாள். "மழையாக்கும்."

"தட்டற சத்தம்."

"ஒண்ணும் கேக்கலையே. நேத்தும் இதையேதான் சொன்னேள்."

நேற்று மட்டுமல்ல, ஒன்பது நாளாக இதேதான். முதலில் குளியலறை, பிறகு சமையலறைத் தொட்டி, பிறகு பால்கனிக் குழாய். பிளம்பர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, குழாயில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சத்தம் மூன்று மூன்றாக, பொறுமையாக வந்தது. கதவைத் தட்டுகிறவனுக்கு இருக்கும் பொறுமை அது. உள்ளே ஆள் இருப்பது தெரிந்து தட்டுகிறவன்.

ஹெட்ஃபோன் வாங்குவது என்று வெங்கிடேஷ் முடிவு செய்தது அன்று காலையில்தான். மதுவந்திக்குச் சந்தோஷம். ஒரு வருஷம் முன்புவரை வீட்டிலும் காரிலும் அது இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது. திடீரென்று ஒரு நாள் அதைக் கொண்டுபோய்க் காயலில் எறிந்துவிட்டு வந்தான். ஏன் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

தோப்பும்படிக் கடையில் கூட்டமில்லை. விற்பனைப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். சட்டையில் 'ஜிஷா' என்று எழுதிய அட்டை குத்தியிருந்தாள். அவன் பேச்சைக் கேட்டதும் அவளும் தமிழுக்கு மாறினாள்.

"பட்ஜெட் எத்தனையாக்கும் சாரே?"

"பதினைஞ்சுக்குள்ள. க்ளோஸ்டு பேக் வேணும். வயர் வெச்சதே போறும். வெளிச் சத்தம் ஒரு பொட்டுக்கூட உள்ள வரப்பிடாது."

அவள் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

முதலாவதைப் போட்டுப் பார்த்தான். மிருதங்கத்தின் இடது பக்கம் பூசணிக்காயைத் தட்டியதுபோல் ஒலித்தது. பின்பக்கத்தை அடைத்த கிண்ணத்துக்குள் ஒலி போக வழியில்லாமல் சுவரில் மோதி மோதித் திரும்பும். அதை அடக்கத் தெரியாதவன் செய்த சாமான். கழற்றி வைத்தான். இரண்டாவது அருமையாக இருந்தது. பாடுகிறவர் மூச்சு எடுப்பதுகூடத் தெரிந்தது. ஆனால் அதன் காதுமெத்தை வெல்வெட், பஸ் ஹார்ன் அப்படியே உள்ளே வந்தது.

"அது பாட்டுக்கு நல்லது, அடைக்காது" என்றாள் ஜிஷா. "சாருக்கு இது."

மூன்றாவது கறுப்பு. கிண்ணம் ஆழமாக இருந்தது, தோல்மெத்தை தடிமனாக இருந்தது.

"கண்ணாடியைக் கழட்டிட்டு வைங்க சாரே. காம்பு இடையில இருந்தா காத்து உள்ள கேறும்."

அவளே எட்டி, இரண்டு கையாலும் அதை அவன் காதில் அழுத்திப் பொருத்தினாள். கடை அணைந்துபோனது. மின்விசிறி, மழை, தெரு, எதுவும் இல்லை. அவள் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. அவன் ஒரு பக்கத்தை விலக்கினான்.

"என்ன சொன்னே?"

"முழுசா அடைக்கும்னு பறஞ்சேன். பக்கத்துல நின்னு ஒரு ஆள் செத்தாலும் கேக்காது."

விற்கிறவர்கள் பேசும் பேச்சுதான். ஆனாலும் அவள் சிரிக்காமல் சொன்னாள். வெங்கிடேஷ் அதையே வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோது மணி மூன்றரை. மழை இருட்டு. வாரன்ட்டி அட்டையோடு பில்லும் இருந்தது. பில்லின் அடியில் விற்றவர் பெயர் அச்சாகியிருந்தது. ஜிஷா சுடலைமுத்து.

அவன் பில்லைக் கவிழ்த்து வைத்தான்.

சுடலைமுத்து பள்ளுருத்திக்காரன். ஓடை இறங்குகிறவன். போன வருஷம் இதே மழைக்காலத்தில், மண்டிகள் நெருங்கிய ஒரு சந்தில், பகல் பதினோரு மணிக்கு, கையில் ஒரு கடப்பாரையோடு குழிக்குள் இறங்கினான். மேலே நிற்க வேண்டிய இரண்டாவது ஆளை வெங்கிடேஷ் வேறு வேலைக்கு அனுப்பியிருந்தான். மேலே நிற்க வேண்டியது அதனால் அவனேதான். இஞ்சி மூட்டை ஏற்றிய ஒரு லாரி வந்தது. வழி விடச் சொல்லி ஓட்டுநர் சத்தம் போட்டார். இரண்டு நிமிஷம்தானே என்று வெங்கிடேஷ் இரும்பு மூடியை இழுத்துப் போட்டான். லாரி முன்னால் போகவில்லை, சக்கரத்தை மூடிமேல் ஏற்றி நிறுத்திச் சரக்கு இறக்கத் தொடங்கியது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வெங்கிடேஷ் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றி, ஹெட்ஃபோனைக் காதில் வைத்தான். அதில் ஓடியது ஒரு மிருதங்கத் தனியாவர்த்தனம். முடிய நாற்பது நிமிஷம் ஆயிற்று.

சுடலைமுத்துவின் சாவு பற்றிய விசாரணையில் அவன் சொன்னது: "குழி வாய்ப்பக்கத்துலயே நின்னுண்டிருந்தேன். சத்தம் ஒண்ணும் வரலை. இறங்கின உடனேயே மயக்கம் வந்திருக்கணும்."

அந்த மூடியின் அடிப்பக்கம் முழுக்கக் கடப்பாரை குத்திய தழும்பு இருந்தது. ஈர இரும்பில் புதுசாய், வெள்ளையாய். அதை அவன் பார்த்தான். மறுநாளே கம்பெனியிடம் சொல்லி மூடியை மாற்ற வைத்ததும் அவன்தான். பழையதை வேறு யாரும் பார்க்கவில்லை. விசாரணை முடிந்து வெளியே வந்தபோது வராந்தாவில் சுடலைமுத்துவின் பெண்சாதி காளியம்மை அவனை மறித்தாள். கூட ஒரு பெண் நின்றாள், அவள் முகத்தை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒரு சத்தமும் கேக்கலையா சாரே?"

"இல்லைம்மா."

அவள் அழவில்லை, சபிக்கவும் இல்லை. "கேக்கும்" என்றாள். அவ்வளவுதான்.

வெங்கிடேஷ் ஹெட்ஃபோனைப் பெட்டியில் திரும்பப் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் தள்ளி, கதவைச் சாத்தினான். திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தட். தட். தட்.

குளியலறை. உடனே சமையலறைத் தொட்டி. பால்கனி. பிறகு சுவருக்குள்ளே, மாடியிலிருந்து இறங்கும் பெரிய குழாய். எல்லாம் ஒன்றாக. கூடத்தில் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்த மதுவந்தி தலையைக்கூடத் தூக்கவில்லை. அவன் கால் வைத்திருந்த தரையே அதிர்ந்தது. பாதத்தில், எலும்பில், பல்லின் வேரில். அவன் காதைப் பொத்திக்கொண்டான். விரல் இடுக்கு வழியாக வந்தது. அலமாரியைத் திறந்தான். பெட்டியைக் கிழித்தான். கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு அதை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டான்.

நின்றது.

பாட்டு எதுவும் அவன் போடவில்லை. போடத் தேவையிருக்கவில்லை. கூடத்து நாற்காலியில், அணைந்து கிடந்த டிவிக்கு எதிரே உட்கார்ந்து, அந்த அமைதியைத் தண்ணீர் குடிப்பதுபோல் குடித்தான். கண்ணில் நீர் வந்தது. மதுவந்தி எதிரிலிருந்து அவனைப் பார்த்து முகம் மலர்ந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு மனுஷன் பாட்டுக் கேட்கிறான்.

அடைத்த கிண்ணத்துக்குள் நம் மூச்சு நமக்கே கேட்கும். வெங்கிடேஷுக்கும் கேட்டது. உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. கொஞ்சம் வேகமாக இருந்தது. நிதானப்படுத்த மூச்சைப் பிடித்து நிறுத்தினான்.

மூச்சு நிற்கவில்லை.

இன்னும் வேகமாயிற்று. ஈரமாக. தொண்டையில் எதுவோ சிக்கிய மூச்சு. கீழிருந்து வந்தது. பிறகு இரும்பு இரும்பைக் குத்தும் சத்தம், இந்த முறை அவன் தலைக்கு நேர் மேலே. தட். தட். தட்.

"சாரே."

அதட்டல் இல்லை. வேலை நேரத்தில் கூப்பிடும் அதே மரியாதை.

"சாரே. மூடி."

வெங்கிடேஷ் கையைத் தூக்கி ஹெட்ஃபோனைப் பிடுங்கினான். வரவில்லை. மெத்தை தோலோடு கவ்வியிருந்தது. இன்னும் இழுத்தான். காது மடல் கிழிவதுபோல் வலித்தது. விரல்களில் பலம் இல்லை. கைகள் மடியில் விழுந்தன.

நெடி. அழுகல். இஞ்சி. மூக்குக்கு வெளியிலிருந்து வரவில்லை.

பிறகு குளிர்ச்சி. இடது மெத்தைக்கு அடியில் ஏதோ கசிந்து கழுத்தில் இறங்கியது. வலது பக்கமும். சட்டைக் காலர் கறுத்தது. உள்ளே தண்ணீர் ஏறுகிறது. கன்னத்தின் உள்பக்கம். நாக்கின் அடி. தொண்டை.

மதுவந்தி!

வாயைத் திறந்து கத்தினான். வாய் திறந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அவள் நாலடி தூரத்தில் இருந்தாள். புடலங்காயின் விதையை வழித்துப் போட்டாள்.

வலது கை மட்டும் அசைந்தது. நாற்காலிக் கையில் ஓங்கித் தட்டினான். மூன்று. மறுபடி மூன்று.

அவள் நிமிர்ந்தாள். அவன் கையைப் பார்த்தாள். சிரித்தாள். உதடு அசைந்தது. படிக்க முடிந்தது. "தனியாவர்த்தனமா? நன்னா போடறேள் தாளம்."

தட்டினான்.

அவள் அதற்கு ஏற்றபடி இரண்டு முறை தலையை ஆட்டிவிட்டு, காயை எடுத்துக்கொண்டு, காப்பி கலக்க உள்ளே போனாள்.

டிவியின் கறுப்புக் கண்ணாடியில் வெங்கிடேஷ் தெரிந்தான். நாற்காலி தெரிந்தது. நாற்காலிக்குப் பின்னால் நின்றவன் தெரிந்தான். இடுப்பில் கயிறு. தலையிலிருந்து சேறு வழிந்தது. இரண்டு உள்ளங்கைகளும் இரண்டு கிண்ணங்களின் மேல். பொருத்தி, அழுத்தி.

தட். தட்.

பின்னால் நின்றவன் மெல்லக் குனிந்தான். முகத்தைத் திருப்பி, காதை வெங்கிடேஷின் உச்சந்தலைமேல் வைத்தான். கீழே ஆள் இருக்கிறானா என்று மூடியில் காது வைத்துக் கேட்பவனைப்போல.

வெங்கிடேஷ் தட்டினான். தட்டினான். தட்டினான்.

சுடலைமுத்து காதை எடுக்கவில்லை. கவனமாக, கண்ணை மூடி, கேட்டுக்கொண்டே நின்றான். கைகளை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கினான்.