பதினோரு கையெழுத்து

கடைவீதிக் கிளையை மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு, ஒரு மத்தியான வேளையில், மேனேஜர் அம்மாள் அங்கே வந்து இறங்கினாள். ஒரு காலத்தில் கூட்டம் நெட்டித் தள்ளிய இடம். பித்தளை டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது எல்லாரும் போனிலேயே காரியத்தை முடித்துக்கொள்கிறார்கள். கவுண்டரில் ஈ ஓட்டவும் ஆள் இல்லை. மின்சாரத்தைக்கூடத் துண்டித்தாயிற்று.

"மாதிரிக் கையெழுத்து அட்டைங்க மட்டும்தான் பாக்கி மேடம். உள் ரூம்ல இருக்கு," என்றார் காவலாளி. "அங்க மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க."

"ஏன், எலித் தொல்லையா?"

"எலி பேனா பிடிச்சு எழுதுமா மேடம்?"

சிரித்துவிட்டு உள்ளே போனாள். பழைய காகிதமும் பசையும் ஊறிய வாடை. தூசி படிந்த ஜன்னல் வழியே கொஞ்சம்போல வெளிச்சம். இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்து, அட்டைகளைப் பெட்டியில் அடுக்கினாள். நாலாவது இழுப்பறையில் கை நின்றுவிட்டது.

தையல்காரரின் அட்டை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் இங்கே கவுண்டர் கிளார்க். பக்கவாதத்தில் கை நடுங்கிப்போன அந்த மனிதர், மனைவியின் ஆபரேஷனுக்காகத் தன் சொந்தப் பணத்தை எடுக்க வந்தார். அவர் போட்ட கையெழுத்து, அட்டையில் இருந்ததோடு ஒத்துப்போகவில்லை. கட்டைவிரல் ரேகை வாங்கி இரண்டு சாட்சி போட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். சாப்பாட்டு நேரம், எழுந்து போக அவளுக்குச் சோம்பல். மறுபடி போடுங்க, மறுபடி போடுங்க என்று பதினோரு தடவை போட வைத்தாள். "என்னங்க இது, கோழி கிறுக்கினாப்ல இருக்கு?" என்றாள். வரிசையே சிரித்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

மனைவி அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள். பிறகு மகள் வந்து, அப்பா அன்றைக்கு பேங்குக்கு வந்தாரா என்று கேட்டாள். வேலைக்கு வேட்டு வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், "வரவேயில்லையே," என்று நாக்கூசாமல் சொன்னாள் இவள். அம்மாவைச் சாகவிட்டவர் என்று மகள் அப்பாவின் முகத்திலேயே விழிக்கவில்லை. அவரும் அப்படியே கண்ணை மூடிவிட்டார்.

எங்கோ பேனா கீறும் சத்தம்.

அட்டையைப் பார்த்தாள். பழைய கையெழுத்தின் கீழே இன்னொன்று, ஈரம் காயாமல்.

அதன் கீழே இன்னொன்று எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

"இப்ப சரியா இருக்காம்மா?"

காதருகே, அதே பணிவான குரல். கோபமே இல்லை அதில். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். "சரியா இருக்குங்க," என்றாள். "தப்பு உங்க கையில இல்லை. எல்லாம் என் மேலதான்."

பேனா நிற்கவில்லை. அட்டை நிறைந்து, அடுத்த அட்டையில் தொடங்கியது. அவரிடம் ஒப்புக்கொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, மகளிடம்தான் சொல்ல வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அட்டையில் வாரிசு என்ற இடத்தில் மகளின் நம்பர் இருந்தது. போனை எடுத்து அழுத்தினாள்.

"கடைவீதி பேங்க்லேருந்து பேசுறேன். உங்க அப்பா அன்னிக்கு வந்தாருங்க. நான்தான் பதினோரு தடவை கையெழுத்து போட வச்சு, கேலி பண்ணித் திருப்பி அனுப்பினேன். நீங்க வந்து கேட்டப்போ பொய் சொல்லிட்டேன்." சொல்லச் சொல்ல வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது.

பேனா நின்றது.

 "சாகுற வரைக்கும் அவர்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசலை மேடம்," என்றாள் மகள். இன்னும் தாழ்ந்த குரலில், "போனை அப்பாகிட்ட குடுங்க."

"அம்மா... அவர்தான் இப்ப இல்லையே..."

"உங்க பக்கத்துலதான் நிக்கிறாரு. 'அந்தம்மாவைத் திட்டாதேம்மா'ன்னு சொல்றாரு, எனக்குக் கேக்குது. குடுங்க."

அவள் விரல்கள் தாமாகத் தளர்ந்தன. போன் கையை விட்டுப் போனது.

கீழே விழவில்லை.